ஆடிப் பட்டத்தில் ஒரு பயணம்: திருத்துறைப்பூண்டியிலிருந்து டி.கல்லுப்பட்டி வரை

வியாழன், திருத்துறைப்பூண்டி

சென்னையின் தென்புறநகரில் எங்கள் குடியிருப்போர் சங்க நிலத்தில் ஒரு பொதுத் தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வகுப்பு நடக்கும். பாத்தி எடுப்பது, நாற்று விடுவது, மண்புழு உரம் போடுவது, மாடியில் பை வைப்பது எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள், பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் என்று நிறையப் பேர் வருகிறார்கள். சிறுகீரை விதைத்து 25 நாளில் பறித்துச் சமைத்து போட்டோ அனுப்புகிறார்கள். பார்க்கும்போது மனசு நிறைகிறது.

ஆனால் மாடித் தோட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு. கீரை, கத்தரி, மிளகாய், அவரை, புடலை வரும். அரிசி வராது; பருப்பு, எண்ணெய், வெங்காயம் வராது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தோட்டம் போட்டாலும் ஒரு வீட்டுச் சாப்பாட்டில் பெரும்பகுதி எங்கோ ஒரு உழவர் வயலிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்தப் பகுதிக்கும் எங்கள் வகுப்பில் ஒரு பாடம் வேண்டும் என்று பல நாளாக நினைப்பு. யாரிடம் வாங்குவது, எப்போது வாங்குவது, என்ன விலை கொடுப்பது, நம்புவது எப்படி? இதற்கெல்லாம் பதில் தேடித்தான் ஆடி பிறந்ததும் கிளம்பிவிட்டேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

விடியற்காலையில் பஸ் திருவாரூரைத் தாண்டியபோது ரோட்டின் இரண்டு பக்கமும் குறுவைப் பயிர் பச்சையாக நின்றது. இன்னும் சில இடங்களில் வயல் காய்ந்து, சம்பாவுக்குக் காத்துக் கிடந்தது. திருத்துறைப்பூண்டியில் இறங்கி டீ குடித்துவிட்டு ஆதிரெங்கம் பக்கம் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனேன். நண்பர் ஒருவர் மூலம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தேன்.

ஆதிரெங்கம் என்றாலே நெல் ஜெயராமன் நினைவுதான். கட்டிமேடு ஊர்க்காரர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரோடு நடந்து, ஊர் ஊராகப் போய் மரபு நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 170-க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டெடுத்தார். 2006-ல் இங்கே நெல் திருவிழாவைத் தொடங்கினார். திருவிழாவுக்கு வரும் உழவருக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் கிடையாது, பத்திரம் கிடையாது. திரும்பி வந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். விதையை ஒரு கட்டடத்துக்குள் பூட்டி வைக்காமல் ஆயிரம் வயல்களில் காவல் வைத்த ஏற்பாடு இது. அவர் 2018 டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். அதற்கு 3 வாரம் முன்புதான் கஜா புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டிருந்தது. 2021-ல் தமிழக அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் மரபு நெல் பாதுகாப்புக்கு அவர் பெயரில் ஒரு திட்டமே வந்தது.

நான் பார்த்த பெரியவரும் திருவிழாவில் 2 கிலோ வாங்கி வந்தவர்தான். இப்போது பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான் மூன்றும் வைத்திருக்கிறார். கடல் பக்கம் போகப் போக மண்ணில் உப்பு ஏறும். குழியடிச்சான் அதைத் தாங்கி வளரும் என்பதால் அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

தாழ்வாரத்தில் ஒரு விதைக்கோட்டை இருந்தது. கேள்விப்பட்டதுண்டு, நேரில் பார்ப்பது இப்போதுதான். எனக்குக் காட்டுவதற்காக இன்னொன்று கட்டினார். வைக்கோலைத் திரித்துப் பிரி செய்து, அதைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார். அதன்மேல் வைக்கோலை வட்டமாகப் பரப்பி, நன்றாகக் காய்ந்த விதைநெல்லை நடுவில் கொட்டினார். ஓரத்து வைக்கோலை நாலு பக்கமும் தூக்கி மடித்து மூடி, பிரியை இழுத்துக் கட்டினார். பிறகு ஒரு கட்டையால் தட்டத் தட்ட அது இறுகி உருண்டையாக வந்தது. கடைசியில் சாணியைக் கரைத்து மேலே முழுக்கப் பூசி நிழலில் வைத்தார். பூச்சி அண்டாது, ஈரம் ஏறாது. அவருடைய இரண்டு கட்டைவிரல் ஓரமும் பிரி திரித்துத் திரித்துக் காய்ப்புக் காய்ச்சியிருந்தது.

“விதை பத்திரமா இருக்கும்மா. அதுல கவலையில்ல. அரிசிய வாங்குற வீடு வேணுமில்ல?” என்றார்.

அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று இரண்டே கணக்குதான். மாப்பிள்ளைச் சம்பா கொண்டுபோனாலும் தனி விலை கிடையாது. பெரிய அரவை மில்லுக்கு இவருடைய பத்திருபது மூட்டை ஒரு பொருட்டில்லை. சிவப்பு நெல்லைத் தனியாக அரைக்கச் சலித்துக்கொள்வார்கள். 160 நாள் வயலில் நிற்கிற பயிர், விளைச்சலும் புது ரகங்களைவிடக் குறைவு. வாங்க ஆள் தெரியாமல் எத்தனை ஏக்கர் போடுவது என்பது அவருக்கு ஒவ்வோர் ஆடியிலும் வருகிற குழப்பம்.

திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். ஒரு வீட்டுக்கு மாதம் 10 கிலோ அரிசி. 30 வீடு சேர்ந்தால் ஆண்டுக்கு 3,600 கிலோ. நெல்லை அரைத்தால் நூற்றுக்கு 65 அரிசி என்று வைத்தால் ஏறக்குறைய 5,540 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 18 மூட்டை வரும் என்றார் பெரியவர். ஆக 5 ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. எங்கள் தெருவில் 30 வீடு பேசி வைத்தால் இங்கே ஒரு குடும்பம் 5 ஏக்கரில் துணிந்து மரபு நெல் போடலாம். இத்தனை நேரடியான கணக்கை நாங்கள் வகுப்பில் ஒரு தடவைகூடக் கரும்பலகையில் எழுதிப் பார்த்ததில்லை.

“ஆடி முடியறதுக்குள்ள சொல்லிடும்மா. நாத்தங்கால் விடணும்” என்றார். ராத்திரியே எங்கள் குழுவுக்குத் தகவல் அனுப்பிவிட்டேன்.


வெள்ளி, பஸ்ஸில்

இன்று பெரும்பாலும் பயணம்தான். மன்னார்குடி, தஞ்சாவூர், திருச்சி, மணப்பாறை. தஞ்சாவூர் வரைக்கும் வாய்க்கால், வரப்பு, வாழை. திருச்சி தாண்டியதும் மண் நிறம் மாறிவிட்டது. சிவந்து, கல்லோடு கிடந்தது. காவிரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊரிலிருந்து வானம் பார்த்த பூமிக்கு ஒரே பகலில் வந்துவிட்டேன். மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொண்டு டவுன் பஸ் பிடித்துக் கடவூர் பக்கம் வந்து சேர இருட்டிவிட்டது.

குழுவில் 11 வீடு பெயர் கொடுத்திருக்கிறது. ஒரு வீட்டில், சிவப்பரிசி சாப்பிட்டுப் பழக்கமில்லை, முதலில் 2 கிலோ கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. முந்தின ராத்திரியே ஊறவைத்து, கூடுதல் தண்ணீர் விட்டு வேகவைக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விளைவிக்கப் பழகுவதைப் போலச் சமைக்கப் பழகுவதும் ஒரு வகுப்புதான்.


சனி, கடவூர்

காலையில் கண் விழித்ததும்தான் எங்கே வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. சுற்றிலும் மலை, நடுவில் ஊர்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தக் காட்டை 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. பரப்பு 11,806 எக்டேர். தேவாங்கு ராத்திரியில் இறங்கிப் பூச்சி தின்னும் பிராணி. அது இருக்கிற காடு பக்கத்து வயலுக்கும் நல்லது.

இங்கே சுருமான்பட்டியில்தான் நம்மாழ்வார் 2009-ல் தொடங்கிய வானகம் என்கிற இயற்கை வேளாண் பயிற்சிப் பண்ணை இருக்கிறது. ஏறக்குறைய 60 ஏக்கர். அவரை எல்லாரும் பச்சைத் துண்டும் வெள்ளைத் தாடியுமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-ல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1960-ல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அரசு வேலைக்குச் சேர்ந்தவர். மழையை நம்பி மானாவாரி செய்கிற கரிசல் விவசாயிக்கு, விலைக்கு வாங்குகிற உரத்தையும் வீரிய விதையையும் வைத்துச் செய்கிற ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டுப் பார்த்தார். மூன்றே ஆண்டில் வேலையை விட்டார். பிறகு களக்காட்டில் ‘அமைதித் தீவு’ நிறுவனத்தில் பத்தாண்டு உழவர்களோடு வேலை. 1979-ல் ‘குடும்பம்’ அமைப்பு. 2013 டிசம்பர் 30-ஆம் தேதி, டெல்டாவில் மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமானார். இந்த வானகத்து மண்ணில்தான் அவரை விதைத்தார்கள்.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரகம். துபாயிலிருந்து திரும்பி வந்து பெரம்பலூர்ப் பக்கம் அப்பா நிலத்தை எடுத்துச் செய்ய நினைக்கும் தம்பி. திருப்பூரில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண். கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு ஜோடி. நிலமே இல்லாத என்னைப் போன்றவர்களும் உண்டு.

முதல் பாடம் மண். ஒரு மரத்தடியில் சருகும் இலையும் பரப்பி மூடாக்குப் போட்ட இடம், பக்கத்திலேயே வெயில் படுகிற வெற்றிடம். முதலில் வெற்றிடத்தில் கை வைக்கச் சொன்னார்கள். சுட்டது, விரல் இறங்கவில்லை. பிறகு மூடாக்கை விலக்கச் சொன்னார்கள். மேலே காய்ந்த சருகு. அதற்குக் கீழே பாதி மக்கிய இலை, நரம்பு மட்டும் வலை மாதிரி மிச்சம். அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சண இழை ஓடியிருந்தது. இன்னும் ஓரங்குலம் போனால் கறுத்த மண், சின்னச் சின்ன உருண்டையாக மண்புழுக் கழிவு, குளிர்ச்சி. ஒரே ஊர், ஒரே மழை. இடைவெளி இரண்டடிகூட இல்லை. நர்ஸ் வேலை பார்க்கும் அந்தப் பெண் ரொம்ப நேரம் அந்த இடத்தைவிட்டு எழவே இல்லை. ஒரு பூரானைப் பார்த்துத்தான் எழுந்தார்.

நாள் முழுக்க மூடாக்கு, மேட்டுப்பாத்தி, பலதானிய விதைப்பு என்று போனது. சத்து போன நிலத்தில் தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள், மணப்பயிர் எல்லாம் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது பலதானிய விதைப்பு. கட்டட இடிபாடு கொட்டி வைத்த எங்கள் சங்க நிலத்தின் மேற்குப் பக்கத்துக்கு இதைத்தான் செய்யப்போகிறேன். வெண்டையும் தக்காளியும் அந்த மண்ணுக்கு அப்புறம் பார்க்கலாம்.

வாழைக்குழியும் மனதுக்குப் பிடித்தது. வட்டமாக ஒரு குழி எடுத்து, தோண்டிய மண்ணை விளிம்பில் மேடாகப் போட்டு, மேட்டில் வாழை, பப்பாளி, சேம்பு, மிளகாய் வைக்கிறார்கள். நடுக்குழியில் இலை தழை, சமையலறைக் கழிவு. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அங்கே போய்ச் சேரும். எங்கள் குடியிருப்பில் இப்படி நாலு குழி போட இடம் இருக்கிறது. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கிற ஊரில், கழுவின தண்ணீரில் வாழைத்தார் வெட்டினால் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நூறு பேர் வருவார்கள்.


ஞாயிறு, கடவூர்

காலையில் கரைசல்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி வைத்து, மூன்று நாலு வாரத்தில் தேன் நிறத்தில் வரும் மீன் அமிலம். பசுவின் ஐந்து பொருள்களில் செய்யும் பஞ்சகவ்யா, 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. இவை எங்கள் வகுப்பிலும் உண்டு என்பதால் அதிகம் எழுதவில்லை. அளவு மீறினால் செடி கருகும், அதை மட்டும் புதிதாகச் செய்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

எனக்கு வேண்டியது மத்தியானம் புளிய மரத்தடியில் நடந்த பேச்சில் கிடைத்தது. நிலம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். வயதில் மூத்த ஒரு உழவர், சங்கடமே இல்லாமல், “நிலம் இல்லாதவங்க நிலத்துல இருக்கறவனுக்குத் தோள் குடுங்க கண்ணு. வெளைச்ச பொருள வாங்குங்க. வெதைக்கறதுக்கு முன்னாலயே பேசிட்டு வாங்குங்க” என்றார். கொங்குப் பேச்சு, கரூர்க்காரர்.

அதை ஒட்டிப் பேச்சு வளர்ந்தது. ஜப்பானில் 1970-களில் நகரத்துத் தாய்மார்கள், பூச்சிமருந்து பயத்தில், உழவர்களிடம் நேரடியாகப் பேசி விளைச்சலைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். தேய்க்கேய் என்று பெயர். விளைந்ததை எடுத்துக்கொள்வது, உழவர் தாக்குப்பிடிக்கிற விலை கொடுப்பது, வயல் வேலைக்கு அவ்வப்போது போய்க் கைகொடுப்பது என்று போகும் அது. அதில் எனக்குப் பிடித்தது, மழை பொய்த்தால் நட்டத்தில் வாங்குபவருக்கும் பங்கு உண்டு என்பதுதான். நம் ஊரில் உழவர் ஒருவர்தான் மழைக்கும் விலைக்கும் தனியாக நின்று அடி வாங்குகிறார்.

நம்பிக்கை பற்றியும் பேசினோம். ‘இயற்கை விளைபொருள்’ என்று எழுதி ஒட்டினால் போதுமா? சான்றிதழ் நிறுவனங்களுக்குக் கட்டணம் கட்டச் சின்ன உழவரால் முடியாது. அதற்குத்தான் பி.ஜி.எஸ்., அதாவது பங்கேற்பு உத்தரவாத முறை என்கிற ஏற்பாடு. ஒரே வட்டாரத்தில் குறைந்தது 5 உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் போய்ப் பார்த்து, ஒருவருக்கொருவர் உறுதி கொடுப்பது. பக்கத்து வயல்காரர் கண்ணுக்குத் தப்பி யூரியா போட முடியாது என்பதுதான் இதன் பலம். நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: வாங்குபவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது வயலுக்குப் போக வேண்டும். ஒரு பை மண்ணில் கத்தரி வளர்த்துக் காய்ப்புழுவோடு மல்லுக்கட்டியவருக்கு வயலில் நிற்கும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். தோட்ட வகுப்பின் முழுப் பயன் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வளர்த்துப் பழகியவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர்கள். வகுப்பு செடியோடு நின்றுவிடாமல் உழவர் வீட்டு வாசல் வரை போக வேண்டும்.

அரிசிக்கு 17 வீடு ஆகிவிட்டது.


திங்கள், ஒட்டன்சத்திரம்

திண்டுக்கல் வந்து, அங்கிருந்து ஒட்டன்சத்திரம். தமிழ்நாட்டின் பெரிய காய்கறி மார்க்கெட்டுகளில் ஒன்று. இங்கே வருகிற காயில் பெரும்பங்கு கேரளாவுக்கு லாரி ஏறுகிறது. பாலக்காட்டில் சாம்பார் கொதிக்கிறதென்றால் அதில் முருங்கையும் கத்தரியும் இந்த வாசல் வழியாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

தக்காளி 14 கிலோ பெட்டியில் வருகிறது. பெட்டியை இறக்குவதும், ஏலம் கேட்பதும், சீட்டு எழுதுவதும் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு அண்ணன் தன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். பேச்சுக் கொடுத்தேன்.

“ஆடி மாசம்க்கா. முகூர்த்தம் கெடையாது. கல்யாணம் இல்லேன்னா காய் ஓடாது. ஓணம் வந்தாத்தான் கொஞ்சம் மூச்சு விடலாம்” என்றார்.

பறிப்புக் கூலி, பெட்டி, வேன் வாடகை, ஏற்றுக்கூலி, கமிஷன் எல்லாம் போக என்ன நிற்கும் என்று கேட்டதற்கு, விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். தன் தக்காளி எந்த ஊருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. சாப்பிடுகிற ஆளுக்கும் அவரைத் தெரியாது.

ஆனாலும் மண்டியை ஒரேயடியாகக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு மத்தியானத்தில் இத்தனை டன் காயை வாங்கி, அழுகுவதற்குள் அனுப்பிவிடுகிறார்கள். விதைக்கும் மருந்துக்கும் அவசரத்துக்கும் முன்பணம் கொடுப்பதும் இவர்கள்தான். அந்த முன்பணமே உழவரை ஒரே கடைக்குக் கட்டிப்போடுகிறது என்பதும் உண்மை. நாம் நேரடியாக வாங்குகிறோம் என்று கிளம்பினால் மண்டி செய்கிற இரண்டு வேலையையும் நாம் செய்ய வேண்டியிருக்கும்: எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது, முன்கூட்டிப் பணம் கொடுப்பது. வளைந்த வெண்டையும் சின்னத் தக்காளியும் வேண்டாம் என்று ஒதுக்கினால் அந்த ஒப்பந்தம் ஒரு மாதம் தாங்காது. மாடியில் வளைந்த கத்தரிக்காயைக் குழந்தை மாதிரி கையில் வைத்துப் படம் எடுப்பவர்கள் கடையில் வளைந்ததைத் தள்ளிவிடக் கூடாது.


செவ்வாய், மதுரை

நாலரை மணிக்கு ஆட்டோ பிடித்து அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ஆம் தேதி அன்றைய முதல்வர் கருணாநிதி தொடங்கி வைத்த, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். பஞ்சாபின் அப்னி மண்டி, அதே ஆண்டு ஆந்திராவில் தொடங்கிய ரைத்து பஜார் இரண்டும் முன்மாதிரி. உழவருக்கு அடையாள அட்டை; இன்ன ஊரில் இன்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அதிகாரிகள் பார்த்துக் கொடுப்பது. கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். விலையை அன்றன்றைக்கு நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது அடிப்படைக் கணக்கு. கமிஷன் கடைக்காரர் எடுத்த பங்கை உழவரும் வாங்குபவரும் பிரித்துக்கொள்கிற மாதிரி. ஒரு அரசுத் திட்டம் இத்தனை ஆண்டு கழித்தும் விடிவதற்கு முன்பே இவ்வளவு கூட்டத்தோடு நடக்கிறதென்றால், அதற்குக் காரணம் இந்தக் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக இருப்பதுதான்.

கீரைக் கடையில் ஒரு அக்கா. மேலூர்ப் பக்கம். பொன்னாங்கண்ணி, அகத்தி, தண்டுக்கீரை, மணத்தக்காளி. வேர் பக்கம் ஒரே சீராக இருக்கும்படி கட்டுகளை அடுக்கி, மேலே நனைத்த சாக்கு. நான் இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன். ராத்திரி பதினொரு மணி வரை கீரை பறித்துக் கட்டிவிட்டு, முதல் பஸ்ஸில் மூட்டை ஏற்றி வந்திருக்கிறார். “தூக்கமெல்லாம் பஸ்ஸுலதான் யக்கா” என்றார், சில்லறையை எண்ணிக்கொண்டே.

பலகையில் விலை எழுதியிருந்தும் பேரம் நடக்கத்தான் செய்கிறது. கார் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்த ஒருவர் ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டார். அக்கா பேசாமல் அடுத்த ஆளைப் பார்த்தார். பிறகு ஒரு வயதான டீச்சரம்மா வந்தார். சொன்ன காசைக் கொடுத்து, நாலு கட்டு வாங்கி, அகத்திக்குப் பூச்சி வருகிறதே என்ன செய்கிறீர்கள் என்று நின்று விசாரித்துவிட்டுப் போனார்.

“அவுக வீட்ல செடி வச்சிருக்காக. செடி வச்சுப் பாத்தவுக வெலைய நோண்ட மாட்டாக” என்றார் அக்கா.

நேற்று முன்தினம் நான் எழுதியதை இவர் தன் போக்கில் சொல்லிவிட்டார். எங்கள் வகுப்புக்கு இவரையே அழைத்துப் பேசச் சொல்லலாம் போலிருந்தது. பேச்சுக்குக் கட்டணம் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும்; இவர் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வியாபாரம் போகும்.

மத்தியானம் டி.கல்லுப்பட்டி. மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ். இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் தங்கியிருந்தார். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, பம்பாயில் ஆடிட்டராக நல்ல வருமானத்தோடு இருந்தவர். காந்தியைச் சந்தித்தபின் அதையெல்லாம் விட்டு, 1934-ல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, மக்கு உரம் என்று இன்று நாம் மாடியிலும் கடையிலும் தேடுகிறவற்றை எல்லாம் அன்றே ஆராய்ந்து, செலவுக் கணக்கோடு எழுதி வைத்தார். 1960 ஜனவரி 30-ஆம் தேதி மறைந்தார். காந்தியின் நினைவு நாளும் அதுதான்.

அவர் அழுத்தம் திருத்தமாகச் சொன்ன ஒன்று: ஒரு பொருளை வாங்குபவருக்கு, அது எப்படி, யாருடைய உழைப்பில், என்ன கூலியில் உண்டானது என்பதிலும் பொறுப்பு உண்டு. காசைக் கொடுத்ததோடு கைகழுவ முடியாது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் விளைவதை வாங்கினால்தான் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முடியும். தொலைவிலிருந்து வருவதை யார் போய்ப் பார்ப்பது? ஆசிரமத்து மரத்தடியில் உட்கார்ந்து, ஒட்டன்சத்திரத்து அண்ணனின் மடித்த சீட்டை நினைத்துக்கொண்டேன். ஆடிட்டர் ஒருவர் உழவர் பக்கம் நின்று கணக்குப் பார்த்தால் எப்படியிருக்கும் என்பதற்கு குமரப்பாதான் அடையாளம். எங்கள் வகுப்பிலும் கணக்கர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அரிசிக் கணக்கை அவர்களிடம் ஒப்படைக்கப் போகிறேன்.

இப்போது மதுரை ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். 23 வீடு சேர்ந்திருக்கிறது. மேலே போட்ட கணக்குப்படி அது 4 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பெரியவரிடம் போனில் 4 ஏக்கர் என்றே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு 1,000 ரூபாய் முன்பணம் இந்த வாரமே போக வேண்டும். எந்த மில்லில் அரைப்பது, புழுங்கலா பச்சையா, லாரி வாடகையை யார் கொடுப்பது என்பதெல்லாம் அறுவடைக்கு முன் பேசி முடிக்க வேண்டியவை.

வகுப்புக்கு வருபவர்கள் கவனிக்க: வரும் ஞாயிறு தோட்டத்தில் வகுப்பு இல்லை. காலை ஐந்தரைக்குப் பல்லாவரம் உழவர் சந்தை வாசலுக்கு வாருங்கள். துணிப்பை, சில்லறை, நோட்டு, பேனா. ஒவ்வொருவரும் ஒரு உழவரிடம் நின்று ஊர், பயிர், எத்தனை சென்ட், என்ன தண்ணீர், எந்தப் பஸ் என்று கேட்டு எழுதி வர வேண்டும். வியாபார நேரத்தில் குறுக்கே நின்று கேட்காதீர்கள். ஏழரைக்கு மேல் கூட்டம் குறையும், அப்போது கேட்கலாம். மாடியில் கத்தரி காய்த்தவர்கள் ஆளுக்கு இரண்டு கொண்டு வாருங்கள், விதைக்கு எந்தக் காயை விடுவது என்று அங்குள்ளவர்களிடமே காட்டிக் கேட்போம்.